முன்பாரம், பின்பாரம்: பக்கிக்குப் பின்னால் டிரெய்லர் கட்டும் முன்

அக்கா மகன் போன மாதம் ஒரு பழைய பக்கி வாங்கினான். தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே அது திட்டும் சொல். இங்கே தென்னாப்பிரிக்காவில் பின்புறம் திறந்த பெட்டியுள்ள வண்டிக்குப் பெயரே அதுதான். டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் இரண்டு வீட்டுக்கு ஒரு பக்கி நிற்கும். நகரின் தென்புறத்தில், புராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையில்தான் ஹைலக்ஸ் பக்கி தயாராகிறது என்பதால் எங்களுக்கு அது ஏறக்குறைய உள்ளூர்ப் பண்டம்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கலகாடி வனவிலங்குப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பது அவன் திட்டம். டர்பனிலிருந்து 1,400 கி.மீ.க்குக் குறையாது. இரும்பு பம்பர், கூரைக் கூடாரம், இழுப்பறைப் பெட்டிகள், இரண்டாவது பேட்டரி, குளிர்ப்பெட்டி, ஒரு டிரெய்லர் என்று கைப்பேசியில் பெரிய பட்டியலே வைத்திருந்தான். “மாமா, இதில் முதலில் எதை மாட்டுவது?” என்று கேட்டான்.

“உன் அம்மா குளியலறையில் எடை பார்க்கும் தராசு இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு வா” என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வண்டி ஓட்டியவர். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். இரட்டைச் சக்கர வண்டியில் மூட்டைகளை முன்னால் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு திணறுவதைப் பார்த்ததுமே வண்டிக்காரர் இறங்கி இரண்டு மூட்டைகளை முன்னுக்குத் தள்ளி வைப்பார். டிரெய்லரும் அதே இரட்டைச் சக்கர வண்டிதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது பக்கியின் பின்னால் 50 மி.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புக் குமிழ் இருக்கிறது. குமிழ் திணறினாலும் சத்தம் போடாது என்பதுதான் வித்தியாசம்.

டிரெய்லரின் முன்முனையான மூக்கு அந்தக் குமிழின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறதோ, அதுவே மூக்குப் பாரம். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை அது இருக்க வேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் கணக்கு. 700 கிலோ டிரெய்லருக்கு 49 முதல் 70 கிலோ. குமிழைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோ பாருக்கும் குமிழுக்கும் தயாரிப்பாளர் போட்டிருக்கும் உச்ச வரம்பு தனி. அதையும் தாண்டக் கூடாது.

மூக்குப் பாரம் குறைந்தால் என்ன ஆகும்? எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் உறவினர் வீட்டுத் திருமணம். சமையல் எங்கள் பொறுப்பு. மரக்கறி பிரியாணிக்கான அண்டாக்கள், அடுப்புகள், கரண்டிகள் எல்லாம் டிரெய்லரின் பின்பகுதியில். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சுமார் 200 கிலோ முன்பகுதியில். என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கி.மீ. பயணம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. வழியில் உள்ள வேன் ரீனன் கணவாய் சுமார் 1,680 மீட்டர் உயரத்தில். பக்கி மூச்சு வாங்கியதே தவிர டிரெய்லர் பசுமாடு போலப் பின்னால் வந்தது.

திருமணம் முடிந்து திரும்பும்போது அதே டிரெய்லர், அதே அண்டாக்கள், அதே ஓட்டுநர். எடை 200 கிலோ குறைவு. கணவாயில் இறங்கும்போது ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. அது தள்ளிவிட்ட காற்றில் டிரெய்லர் ஒருமுறை இடப்பக்கம் அசைந்தது. அடுத்து வலப்பக்கம், முன்னைவிடச் சற்று அதிகமாக. மூன்றாவது அசைவில் பக்கியின் பின்பகுதியையும் சேர்த்து ஆட்டியது. நாய் வாலை ஆட்டுவதற்குப் பதிலாக வால் நாயை ஆட்டினால் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில விநாடிகளில் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா முருகனைக் கூப்பிட்டார். நான் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தேன். அறிவினால் அல்ல, பயத்தினால். வேகம் குறைந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது.

வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. டிரெய்லரின் அச்சிலிருந்து குமிழ் வரை 2.5 மீட்டர். அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால் இருந்த 200 கிலோ அரிசியும் பருப்பும் மூக்குக்குக் கொடுத்தது 200 × 0.7 ÷ 2.5, அதாவது 56 கிலோ. அதைக் கல்யாண வீட்டார் சாப்பிட்டுவிட்டார்கள். அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்த 120 கிலோ பாத்திரங்கள் மூக்கிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது 48 கிலோ. அது அப்படியே இருந்தது. போகும்போது 60 கிலோவாக இருந்த மூக்குப் பாரம் வரும்போது 4 கிலோ. சுமை குறைந்துதான் ஆபத்து கூடியிருக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. கனம் அச்சுக்கு முன்னால் இருந்தால், டிரெய்லர் ஒரு பக்கம் விலகும்போது முன்னே இழுக்கும் வண்டியும் சாலையைப் பற்றியிருக்கும் டயரும் சேர்ந்து அதை நேராக்குகின்றன. கனம் பின்னால் போனால் அது ஊசல் குண்டு போல வீசத் தொடங்குகிறது. ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகித் தேயும், அதற்கு மேலே பெரிதாகிக்கொண்டே போகும். பின்பாரம் கூடக்கூட அந்த வேகம் கீழே இறங்கி வரும். சரியாக ஏற்றிய டிரெய்லருக்கு அது நாம் தொடவே தொடாத வேகமாக இருக்கும். என்னுடையதற்கு அன்று மணிக்கு 90 கி.மீ.யைச் சுற்றி எங்கோ இருந்திருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். எதிர்த்துத் திருப்பினால் நம் கை எப்போதும் ஒரு நொடி பிந்தும். அந்தப் பிந்தலே ஆட்டத்துக்குத் தீனி. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனியே கையால் இயக்கும் மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடலாம். வேகத்தைக் கூட்டினால் டிரெய்லர் நேராகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

சரி, மூக்குப் பாரம் அதிகமானால்? அதிலும் கணக்கு இருக்கிறது. குமிழ் பக்கியின் பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. இரு அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து குமிழ் வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குமிழில் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் இறங்குவது 139 கிலோ. அந்த 39 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சைத் தூக்கி எடுத்தது. ஸ்டீயரிங் இலேசாகும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், ஈரச் சாலையில் முன்சக்கரப் பிடிப்பு குறையும். பின்பெட்டி நிறையச் சாமான், குமிழில் அதிக பாரம், அதோடு கரடுமுரடான மண்பாதை என்று சேர்ந்தால் இரட்டைக் கேபின் பக்கிகளின் சட்டகமே கேபினுக்குப் பின்னால் வளைந்துபோவதுண்டு.

இங்கேதான் பட்டறைக்காரர்கள் ஒரு மருந்து விற்பார்கள். பின்புற ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு பட்டை சேர்க்கலாம், அல்லது காற்றுப் பை வைக்கலாம், வண்டி தாழாது என்பார்கள். தாழாதுதான். ஆனால் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் சட்டகமும் பழையவைதாமே! காய்ச்சல்காரனின் வெப்பமானியை ஐஸில் வைத்தது போலத்தான். நல்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் நீண்ட பயணத்துக்கு அவசியம், நான் மறுக்கவில்லை. வண்டியின் தகட்டில் பொறித்த மொத்த எடை வரம்பு மட்டும் அதனால் ஒரு கிலோகூட உயராது.

அந்த வரம்பைத்தான் இங்கே எல்லோரும் ஜிவிஎம் என்று சொல்கிறோம். வண்டியின் வெற்று எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது நமக்குக் கிடைத்த பாரம். அக்கா மகனின் பக்கிக்கு ஜிவிஎம் 2,900, வெற்று எடை 2,100. கையில் 800 கிலோ. “எவ்வளவு பெரிய தொகை!” என்றான். உட்கார்ந்து செலவு எழுதினோம். ஐந்து பேர், ஆளுக்கு 75 கிலோ வீதம் 375. எண்பது லிட்டர் டீசல் 67. பின்பெட்டிக்கு மூடி 60, இரும்பு பம்பர் 50, இழுப்பறைகள் 60, கூரைச் சட்டம் 35, கூரைக் கூடாரம் 60, ஈயப் பேட்டரி 28, குளிர்ப்பெட்டியும் அதில் உணவும் 45, டிரெய்லரின் மூக்குப் பாரம் 60. கூட்டினால் 840. இன்னும் ஒரு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், ஒரு ஸ்பேனர் ஏறவில்லை. 40 கிலோ கடன். மாதச் சம்பளத்தில் தவணை போக மிச்சம் எண்ணுபவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம்.

மூக்குப் பாரம் பக்கியின் கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரைக்கும் தனி வரம்பு உண்டு. வண்டியின் கையேட்டில் பாருங்கள். 75 முதல் 100 கிலோ வரை என்பது வழக்கமாகக் காணும் அளவு. கூடாரமும் சட்டமும் மட்டுமே அதைத் தின்றுவிடும். கூரையில் டீசல் கேன் அடுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறைந்த 20 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 21 கிலோ. அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வளைவில் திரும்புவது குடம் சுமந்தபடி ஓடுவதைப் போன்றது.

பட்டியலில் முதலில் அடித்தது இரும்பு பம்பரை. அடுத்து கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும்; தரையில் அடிக்கும் கூடாரத்தை டிரெய்லரில் போட்டுக்கொள்ளலாம். ஈயப் பேட்டரிக்குப் பதில் அதே நூறு ஆம்பியர்-மணி கொள்ளளவில் லித்தியம் வாங்கினால் சுமார் 12 கிலோதான். விலை கசக்கும், ஆனால் மிச்சம் 16 கிலோ. 840, 679 ஆனது. நாற்காலிக்கும் ஸ்பேனருக்கும் இடம் வந்தது.

டிரெய்லருக்கு வருவோம். அதற்கும் தனித் தகடு, தனி எண் பலகை, தனி உரிம வில்லை எல்லாம் உண்டு. தகட்டில் ஜிவிஎம் 750 கிலோவுக்கு மேல் இருந்தால், டிரெய்லர் காலியாகவே போனாலும், ஓட்டுநரிடம் இபி வகை உரிமம் இருக்க வேண்டும். காருக்கான வெறும் பி வகை போதாது. 750க்குள் இருந்து, அதுவும் இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்கு மேற்படாமலும் இருந்தால் டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் போகலாம். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிறிய கார்க்காரர்கள் இடறி விழுகிறார்கள். 2,100 கிலோ பக்கிக்குப் பாதி 1,050, கவலையில்லை. 1,100 கிலோ காருக்குப் பாதி 550தான். அதே டிரெய்லரை அந்தக் காரில் பிரேக் இல்லாமல் கட்டினால் சட்டத்துக்குப் புறம்பு. சட்டம் கிடக்கட்டும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் இறக்கத்தில் பின்னாலிருந்து 750 கிலோ தள்ளும்போது எந்த உரிமமும் காப்பாற்றாது. இறக்கத்தைத் தொடுமுன்பே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

புதிதாக டிரெய்லர் வாங்குபவர் பார்க்க வேண்டியது அதன் வண்ணத்தையோ உள்ளே இருக்கும் குழாய்த் தொட்டியையோ அல்ல, சக்கரத்தை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் மூன்று பக்கிகளுக்கும் சக்கரத்தில் ஆறு போல்ட், அவை 139.7 மி.மீ. விட்ட வட்டத்தில் நிற்கும். டிரெய்லரின் சக்கரமும் அதே அமைப்பு, டயரும் அதே அளவு என்றால் ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் ஆகும். பஞ்சருக்குப் பேர்போன சரளைச் சாலையில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இரண்டாவது டயரும் போன பிறகுதான் தெரியும். இரு பக்கச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலமும் பக்கியினுடையதாகவே இருந்தால் மணலில் பக்கி போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். அகலம் மாறினால் அது புதிய தடம் வெட்டிக்கொண்டு வர வேண்டும். எஞ்சின் இரண்டு ஏர் இழுத்த மாதிரி உழைக்கும். கலகாடியின் உள்பாதைகள் மணலும் அலையலையாய் எழும்பிய மண்ணுமாய் இருப்பவை. அங்கே நுழையும்போது டயர்க் காற்றைக் குறைக்கும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். டிரெய்லரின் டயருக்கும் குறைக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்கு நினைவிருக்காது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பக் கைக்கம்ப்ரசர் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் 100 கி.மீ. வேகத்தில் சூடேறிக் கிழியும்.

சக்கர பேரிங் இன்னொரு மௌனி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி டிரெய்லரின் சக்கர நடுப்பகுதியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சோடி பேரிங்கும் ஒரு டப்பா கிரீஸும் சேர்ந்து ஒரு சோற்றுப் பொட்டலம் அளவு இடம்கூடப் பிடிக்காது.

மின்சாரத்தைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. குளிர்ப்பெட்டியை டிரெய்லரில் வைத்து, அதற்கான பேட்டரிக்குப் பக்கியிலிருந்து ஒல்லியான கம்பி இழுத்தால் அது ஒருநாளும் நிறையாது. எட்டு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 20 ஆம்பியர் போனால், போய்வரும் வழியில் 2.2 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் அமைப்பில் அது கொள்ளை. 16 சதுர மி.மீ. கம்பி போட்டால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். விளக்குகளுக்கான ஏழு முனை பிளக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது தராசு. பக்கியையும் டிரெய்லரையும் சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றுமுன் அதன் சக்கரங்களுக்கு ஆப்பு வைக்க வேண்டும். தரையில் தராசு, அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு மரக்கட்டை. கட்டையின் உயரத்தை, மூக்கு அதன்மேல் உட்காரும்போது குமிழில் இருக்கும் அதே மட்டத்தில் நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். மூக்கை ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றி மெல்ல இறக்கினால், அது தரையை விட்டு எழும்பியதும் தராசு காட்டுவதில் பலகை, கட்டையின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே மூக்குப் பாரம். எல்லாம் ஏற்றிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். காலி டிரெய்லரை நிறுத்திப் பார்ப்பது பசியோடு இருப்பவனின் இடுப்பை அளந்து விருந்துக்குச் சட்டை தைப்பது போல.

பழைய இரும்புக் கடை ஒன்றின் எடைமேடையில் ஏற்றியபோது அவன் டிரெய்லர் 700 கிலோ காட்டியது. மூக்கு 31. நாலரை விழுக்காடுகூட இல்லை. காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை: நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் இருந்தது, குழாய் அங்கே இருந்தால் கை கழுவ வசதி என்று. அச்சிலிருந்து குமிழ் வரை அவனுடையது 2.4 மீட்டர். அந்த இடத்தில் தொட்டி மூக்கிலிருந்து 15 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தது. அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் நகர்த்தினோம். அங்கே அது 10 கிலோ சேர்த்தது. தராசு 56 காட்டியது, சரியாக 8 விழுக்காடு. ஒரு பைசா செலவில்லை, இரண்டு பட்டைகளும் நான்கு போல்ட்டும்தான்.

அப்புறம் அவனே கேட்டான். “மாமா, தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும்?” வேன் ரீனன் கதையை அவனுக்குச் சொன்னதன் பலன் இது. முன்னால் இருக்கும் தண்ணீர் தீர்ந்தால் மூக்கில் 10 கிலோ குறையும்; 660க்கு 46, ஏழு விழுக்காடு. எல்லைக்குள்தான். அதே தொட்டி அச்சுக்கு நேர் மேலே இருந்தால், தண்ணீர் இருந்தாலும் தீர்ந்தாலும் மூக்குக்குத் தெரியாது. ஆகவே பயணத்தில் தீர்ந்துபோகும் பொருள்களை, அதாவது தண்ணீர், விறகு, டீசல், அரிசி ஆகியவற்றை, அச்சின் மேலேயோ அதை ஒட்டியோ வையுங்கள். தீராத பொருள்களில் கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக. இலேசானவை, படுக்கையும் துணியும், பின்னால், மேலே. எதுவும் உருளாதபடி பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மணல்மேட்டில் ஏறும்போது கனமான சாமான் பின்னுக்குச் சரிந்தால் இத்தனை கணக்கும் வீண்.

தராசை அன்று மாலையே அக்கா வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். காலியாக இருக்கும்போதே ஊசி இரண்டு கிலோவில் நின்றது. மூக்குப் பாரம் 54 என்று திருத்தி எழுதிக்கொண்டான். அக்காவிடம் யார் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.